படர்தாமரைக்கு எக்ஸ்ரே: பிள்ளைகளின் தலையில் எழுதப்பட்ட பாடம்



பிள்ளையின் தலையில் வட்டமாக முடி கொட்டி, செதில் செதிலாகத் தோல் உரிந்தால் பெற்றோருக்கு முதலில் பயம் வருகிறது. அடுத்து வெட்கம் வருகிறது. பள்ளியில் என்ன சொல்வார்களோ என்ற அவசரத்தில் கைக்குக் கிடைத்த களிம்பைப் பூசிவிடுகிறோம். இந்த அவசரம் நமக்கு மட்டும் உரியதல்ல. தலையில் வரும் படர்தாமரையை விரைவில் போக்க மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அவசரப்பட்டது. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

இந்த நோயை உண்டாக்குவது புழு அல்ல, ஒரு வகைக் காளான். அது முடியின் வேர்ப் பகுதிக்குள்ளும் புகுந்துவிடுவதால், மேலே பூசும் மருந்து அதை முழுமையாக எட்டுவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் முடியைப் பிடுங்குவதே முக்கியச் சிகிச்சை. குணமாக மாதங்கள், சில வேளை ஆண்டுகளும் ஆகும். மற்ற பிள்ளைகளோடு இவர்களைப் படிக்க விடமாட்டார்கள். பாரிஸ் நகரின் செயின்ட் லூயி மருத்துவமனையில் இவர்களுக்கென்றே தனிப் பள்ளி நடந்தது.

1895இல் ராண்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். அந்தக் கதிர் பட்ட இடத்தில் முடி உதிர்வதை மருத்துவர்கள் கவனித்தார்கள். 1904இல் பாரிஸ் மருத்துவர் ரேமோன் சபுரோ, கதிரை அளந்து கொடுக்கும் முறையை வகுத்தார். சில வாரங்களில் முடி காளானோடு உதிர்ந்துவிடும். பிறகு நல்ல முடி முளைக்கும். ஆண்டுக்கணக்கில் நீண்ட துன்பம் சில மாதங்களில் தீர்ந்ததால் பல நாடுகள் இம்முறையை வரவேற்றன.

தலையில் இத்தகைய நோய் இருந்தால் அமெரிக்காவில் குடியேற அனுமதி மறுக்கப்படலாம் என்ற நிலையும் இருந்தது. கிழக்கு ஐரோப்பாவில் 1921 முதல் 1938 வரை சுமார் 27,600 யூதப் பிள்ளைகளுக்கு இச்சிகிச்சை தரப்பட்டது.

1948இல் இஸ்ரேல் உருவானதும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடும்பங்கள் பெருந்திரளாக வந்தன. பிள்ளைகளின் தலையை மழித்து, எஞ்சிய முடியை மெழுகால் பிடுங்கி, தலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கதிர் பாய்ச்சினார்கள். மொழி புரியாத தாய்மாருக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. தலைக்குக் கொடுத்த கதிர் மூளையையும், சிறிதளவு கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியையும் எட்டியது. 1960 வரை இது நீடித்தது.

இதற்கிடையே மாற்று வழி பிறந்தது. 1939இல் ஒரு பூஞ்சணத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிரிசியோஃபுல்வின் பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. அதை வாய்வழியாகக் கொடுத்தால் கினி பன்றிகளின் படர்தாமரை குணமாவதை 1958இல் ஸ்காட்லாந்து ஆய்வாளர் ஜென்டில்ஸ் காட்டினார். மாத்திரை வந்தது, கதிர் விடைபெற்றது.

ஆனால் கதிர் பட்ட பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர் பாரூக் மோடானும் குழுவினரும் அவர்களில் ஏறத்தாழ 11,000 பேரைத் தேடி, கதிர் படாத அதே எண்ணிக்கையினருடனும் உடன்பிறந்தவர்களுடனும் ஒப்பிட்டார்கள். தலை, கழுத்துப் பகுதிக் கட்டிகள் அவர்களுக்கு அதிகம் என்பது 1974இல் வெளியானது. மூளை உறையில் உண்டாகும் கட்டிகள் ஒன்பது மடங்குக்கும் மேல் என 1988இல் வெளியான ஆய்வு சொன்னது. 1994இல் இஸ்ரேல் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது.

அந்த மருத்துவர்கள் கொடியவர்கள் அல்லர். உலகம் ஏற்றுக்கொண்ட சிகிச்சையைத்தான் செய்தார்கள். ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்குக் கொடுக்கும் சிகிச்சை, பிள்ளை வளர்ந்தபின் என்ன செய்யும் என்று போதிய அளவு கேட்கப்படவில்லை.

நேயர்களே, அந்தக் கேள்வியை நாம் கேட்கலாம். படர்தாமரை என்று தெரியாமல் ஸ்டீராய்டு களிம்பைப் பூசாதீர்கள். அரிப்பு அடங்கும், காளான் பரவும். மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட வேண்டியிருக்கும், பாதியில் நிறுத்தாதீர்கள். சீப்பு, துண்டு, தொப்பியைப் பகிராதீர்கள். வீட்டுப் பூனைக்கும் முடி கொட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையை வெட்கப்பட வைக்காதீர்கள். இது குணமாகும் நோய்.