வாழ்வு நீரை மதிப்பிட்ட வரலாறு

ஸ்காட்லாந்து அரசின் 1494-ஆம் ஆண்டுக் கருவூலக் கணக்கேட்டில் இலத்தீன் மொழியில் ஒரு சிறு குறிப்பு உண்டு. மன்னர் நான்காம் ஜேம்சின் ஆணைப்படி, 'அக்வா வீத்தே' வடிப்பதற்காகத் துறவி ஜான் காருக்கு எட்டு 'போல்' அளவு மால்ட் வழங்கப்பட்டதாக அது கூறுகிறது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. அக்வா வீத்தே என்பதன் பொருள் வாழ்வு நீர். இதே பொருளுடைய கேலிக் மொழித் தொடர்தான் நாவில் தேய்ந்து 'விஸ்கி' ஆயிற்று.

அந்நாளில் அது மருந்தாக மதிக்கப்பட்டது. 1505-இல் எடின்பரோ நகரில் அதனைத் தயாரிக்கும் தனியுரிமை, அறுவை மருத்துவமும் செய்த நாவிதர் சங்கத்திற்கு அளிக்கப்பட்டதே இதற்குச் சான்று. 1644-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் அதன்மீது வரி விதித்தது. வரி வந்தபின் அளவுகோலும் வேண்டியதாயிற்று. வெடிமருந்தைச் சாராயத்தில் நனைத்துத் தீயிட்டுப் பார்ப்பது பழைய சோதனை என்பர்; மருந்து பற்றிக்கொண்டால் சாராயம் வலியது. 1816-இல் சைக்ஸ் என்பாரின் மிதவைக் கருவி சட்ட ஏற்புப் பெற்றது. வலிமை அன்றுமுதல் துல்லியமான எண்ணாயிற்று.

ஆயினும் வலிமை வேறு, தரம் வேறு. 1830-இல் ஏனியஸ் காஃபி காப்புரிமை பெற்ற தொடர் வடிகலம், மலிவான தானியச் சாராயத்தைப் பெருமளவில் தந்தது. அதனை மால்ட் விஸ்கியுடன் கலந்து விற்கும் வழக்கம் பரவியது. 1905-இல் இலண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் வணிகர்மீது வழக்குத் தொடரப்பட்டபோது, "விஸ்கி என்பதுதான் எது?" என்னும் கேள்வி நாடெங்கும் எழுந்தது. அரச ஆணைக்குழு ஒன்று 1908-இல் அமைந்து, மறு ஆண்டில் இருவகைச் சாராயத்தையும் விஸ்கி என ஏற்றது. 1915-ஆம் ஆண்டுச் சட்டம் முதிர்ச்சிக்குக் காலவரையறை விதித்தது. இன்று ஸ்காட்ச் விஸ்கி ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் உறங்கவேண்டும். அவ்வுறக்கத்தில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு காற்றில் கரைகிறது. அதற்கு அம்மக்கள் இட்ட பெயர் 'வானதூதர் பங்கு'! நம் நாட்டில் விஸ்கி என விற்கப்படுவதில் பெரும்பகுதிக்கு அடிப்படை கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வடித்த சாராயம். ஐரோப்பியச் சட்டம் அதனை விஸ்கி என ஏற்பதில்லை.

இனி, தேர்ந்தவர் மதிப்பிடும் முறையைக் காண்போம். நிறத்தை அவர்கள் பெரிதாக நம்புவதில்லை. கருக்கிய சர்க்கரை நிறமி சேர்ப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் சிறிதளவு ஊற்றி, முதலில் முகர்கின்றனர். பழமணம், தேன், பீப்பாய் மரம், மால்ட்டை உலர்த்திய சதுப்புநில மண்ணின் புகை என ஒவ்வொன்றையும் மூக்கே பிரித்தறிகிறது. நாக்கு உணரும் சுவைகள் சிலவே. பின்பு தூயநீர் சேர்க்கின்றனர். விஸ்கியில் நீர் கலந்தால், புகைமணம் தரும் குவாயகால் போன்ற கூறுகள் மேற்பரப்பை நாடுகின்றன என 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் கணினிக் கணிப்பின்வழி விளக்கினர். இறுதியில் ஒரு சிறு மிடறு. அது மறைந்தபின் வாயில் எஞ்சும் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கவனிக்கின்றனர்.

கலவை வல்லுநர் பீப்பாய் மாதிரிகளை ஏறத்தாழ 20 விழுக்காடு வலிமைக்கு நீர்த்து, பெரும்பாலும் முகர்ந்தே தீர்ப்பிடுகின்றனர். நாள்தோறும் பல மாதிரிகளைச் சோதிக்கும் அவர்கள் ஒவ்வொன்றையும் விழுங்கினால், நண்பகலுக்குள் தொழிலே கெட்டுவிடும். மதுவை நன்கறிந்தவர் அதனை மிகக் குறைவாக அருந்துவது இத்தொழிலின் விதி.

சீராக்கின் ஞானம் 31-ஆம் அதிகாரம், அளவோடு அருந்தும் திராட்சை இரசம் தரும் மகிழ்வையும், அளவு மீறியது விளைக்கும் கசப்பையும் அருகருகே வைத்துப் பேசுகிறது. வெறிகொள்ளக் குடிப்பவர் அந்த வாழ்வு நீரின் மணத்தையும் அறிவதில்லை, சுவையையும் அறிவதில்லை. அவர் அறிவதெல்லாம் அதன் வலிமை ஒன்றையே. அதற்குரிய விலையை வீட்டில் பசியோடு காத்திருப்போர் செலுத்துகின்றனர்.