திரூர் நெல்லும் உலகச் சட்டமும்



ஒரகடத்திலிருந்து திருப்பெரும்புதூர் செல்லும் சாலையில் இன்று இருமருங்கும் தொழிற்சாலைகளே தோன்றுகின்றன. என் இளமையில் அங்கே ஏரி நீர் பாய்ந்த நெல்வயல்களைக் கண்டிருக்கிறேன். 1970-ஆம் ஆண்டையொட்டி அவ்வயல்களுக்கு ஐ.ஆர். 20 என்னும் புது நெல் வந்தது. பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் 1969-இல் வெளியிட்ட நெல் அது. என் தந்தையார் அதனைச் சீமை நெல் என்றே சொல்லுவார்.

நான் ஆசிரியனான பின்னரே அதன் குலவரலாற்றை அறிந்தேன். அதன் பெற்றோருள் ஒன்று டி.கே.எம். 6. திருவள்ளூரை அடுத்த திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1952-இல் வெளியான நெல் அது. அக்காலத்தில் திரூரும் திருப்பெரும்புதூரும் ஒரே செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ஆற்றலுக்காகவே அதனை அறிஞர்கள் தேர்ந்தெடுத்தனர். மற்றொரு பெற்றோரின் மரபிலோ இந்தோனேசிய நெல்லும் தைவான் நெல்லும் கலந்திருந்தன. நம் வீட்டுப் பிள்ளையே கடல் கடந்து சென்று, உறவு கொண்டு, மீண்டு வந்தது எனலாம்.

இவ்வித்துகள் பயணம் செய்த காலத்தில், இன்றுள்ளவை போன்ற பன்னாட்டு விதிகள் இல்லை. பயிர்களின் மரபுவளம் மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்றே 1983-இல் உலக உணவு வேளாண்மை அமைப்பின் உடன்பாடும் கூறிற்று. அப்பரந்த நோக்கால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும் அதில் ஒரு குறை இருந்தது. வித்தைக் காத்துவந்த உழவனுக்கு உரிய பங்கு யாது என்னும் கேள்விக்கு விடையில்லை.

1992-இல் ரியோ நகரில் கையொப்பமான உயிரியற் பன்மை உடன்படிக்கை, ஒரு நாட்டின் உயிர்வளத்தின்மேல் அந்நாட்டிற்கே இறைமை உண்டென்றது. இக்கவலை வீணன்று. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்னும் நம் பாட்டிமார் அறிவிற்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழு வழக்காடி 1997-இல் அதனை நீக்கச் செய்தது. 2002-இல் நம் நாடு உயிரியற் பன்மைச் சட்டம் இயற்றியது. 2003-இல் அதற்குரிய தேசிய ஆணையம் சென்னையில் அமைந்தது. 2010-இல் எழுந்த நகோயா நெறிமுறை, முன் இசைவு பெறுதலையும் பயன் பகிர்தலையும் வரையறுத்தது.

இவ்விதிகள் ஆராய்ச்சியை எங்ஙனம் தொடுகின்றன? இன்று அயல்நாட்டு அறிஞர் நம் மண்ணின் ஒரு மூலிகையையோ பூச்சியையோ ஆராய எடுத்துச் செல்ல வேண்டுமாயின், அவ்வாணையத்தின் இசைவைப் பெறல் வேண்டும். அரசு ஏற்ற கூட்டாராய்ச்சிக்கு விலக்கு உண்டு. நீதிக்கு இது தேவை. எனினும் இசைவுக்காகக் காத்திருக்கையில் பருவம் கழிந்துவிடலாம். நோய் பரவும் பயிரோ காத்திராது.

இதனை உணர்ந்தே, 2001-இல் ஏற்கப்பெற்று 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபுவள ஒப்பந்தம் ஒரு நல்வழி கண்டது. நெல் உள்ளிட்ட 64 பயிர்களையும் தீவனங்களையும் பொதுத்தொகுப்பில் வைத்து, ஒரே மாதிரி ஒப்பந்தத்தின் கீழ் வித்துகளை வழங்கச் செய்தது. ஒவ்வொரு பொட்டலத்திற்கும் தனிப்பேரம் இல்லை. பிறர் ஆராய்ச்சிக்குத் தடையிட்டு வணிகம் செய்வோர் பொதுநிதிக்குப் பங்கு செலுத்த வேண்டும். மூலிகைகளுக்கும் பூச்சிகளுக்கும் இவ்வசதி இல்லை. மேலும், இன்று வித்தே பயணம் செய்ய வேண்டுவதில்லை; அதன் மரபணு எழுத்துகள் கணினி வழியே நொடியில் கடல் கடக்கின்றன. அவற்றால் இலாபம் பெறும் நிறுவனங்கள் பங்களிக்க, காலி நகர மாநாட்டின் முடிவுப்படி 2025-இல் ஒரு நிதி தொடங்கப்பெற்றது.

கொடுக்க மறுத்திருந்தால் ஐ.ஆர். 20 பிறந்திராது, கொடுத்தவரை மறந்தால் இனிக் கொடுப்பார் யார்? இரண்டையும் எண்ணிப் பார்ப்பதே அறிவு.

மாணவர்களே, உங்கள் ஊராட்சியிலும் நகராட்சியிலும் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேடு பேணப்பெறல் வேண்டும் என்பது சட்டம். உங்கள் பாட்டனார் விதைத்த நெல்லின் பெயர்களைக் கேட்டறிந்து அதில் எழுதச் செய்யுங்கள். வயல் போன இடத்திலும் பெயர் நிற்கட்டும். பெயர் தெரியாத பொருளுக்கு எவரும் உரிமை கோர இயலாது. அதனைப் பிறருக்கு மனமுவந்து வழங்கவும் இயலாது.