குதிரையேற்றப் பள்ளியில் ஒரு மன்னன்

பள்ளிக்கூடம் என்றதும் கரும்பலகையும் வாங்கும் மேசையும் நம் மனக்கண் முன்னே வந்து நிற்கின்றன. மணல் பரப்பிய முற்றத்தை வகுப்பறையாகவும், நாற்கால் விலங்கொன்றைப் பாடநூலாகவும் கொண்ட பள்ளிக்கூடங்களும் உலகிலே உண்டு. அவைதாம் குதிரையேற்றப் பள்ளிகள். மேனாடுகளிலே ஏழெட்டு வயதுச் சிறுவர் சிறுமியர் அங்குச் சென்று பயில்வது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. இப்பள்ளிகளின் வரலாற்றைப் புரட்டும்போது, கல்வி புகட்டுவதற்கு அடி இன்றியமையாததா என்னும் பழைய வினா மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. குதிரையைப் பற்றி எழுந்த வினாதான் அது. ஆயினும் பிள்ளைகளையும் அது விட்டுவைக்கவில்லை.

குதிரையேற்றத்தைக் கல்வியாகக் கருதும் வழக்கம் மிகத் தொன்மையானது. பாரசீகர் தம் புதல்வர்க்கு ஐந்து வயது முதல் இருபது வயது வரை மூன்றே மூன்று காரியங்களைக் கற்பித்தனர் என்று கிரேக்க வரலாற்றாசிரியரான ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தார். குதிரை ஏறுதல், வில் எய்தல், உண்மை பேசுதல் என்பன அவை. மூன்றாவதற்கும் முதலிரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். குதிரையோடு பழகியவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நடுங்கும் கையை வீரக்கை என்று குதிரையிடம் காட்டி ஏமாற்ற எவராலும் இயலாது.

மகா அலெக்சாந்தரின் பிள்ளைப்பருவக் கதையை நேயர்கள் அறிந்திருப்பீர்கள். புசெபலஸ் என்னும் முரட்டுக் குதிரையைப் பிலிப்பு மன்னனின் ஆட்கள் எவராலும் அடக்க முடியவில்லை. சிறுவன் அலெக்சாந்தர் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதை உணர்ந்து, அதன் முகத்தைச் சூரியனை நோக்கித் திருப்பினான், தட்டிக் கொடுத்தான், பின்பு ஏறினான். புளூட்டாக் கூறும் இக்கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, குதிரையை அடக்கியது வலிமையன்று, கவனிப்பே என்று அக்காலத்தவர் எண்ணினர் என்பதற்கு இது சான்று. சோக்கிரதரின் மாணாக்கரான செனோபன், கி. மு. நான்காம் நூற்றாண்டிலே குதிரையேற்றம் பற்றி ஒரு நூலே இயற்றினார். கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்பதும், வலிந்து செய்விக்கப்பட்ட செயலில் அழகு இராது என்பதும் அந்நூலின் சாரம்.

அந்த நல்லறிவு இடையிலே மங்கிப் போயிற்று. பதினாறாம் நூற்றாண்டிலே குதிரையேற்றக் கலையின் தலைமைப் பீடமாக விளங்கியது இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரம். அந்நகரத்துக் கிரிசோனே என்னும் பிரபு 1550 ஆம் ஆண்டிலே வெளியிட்ட நூல் ஐரோப்பா எங்கும் பரவிற்று. தட்டிக்கொடுத்தலையும் அவர் சொல்லாமல் விடவில்லை; எனினும், பணியாத குதிரைக்கு அவரும் அவர் காலத்தவரும் விதித்த தண்டனைகளைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. காதுகளுக்கிடையே கோல் கொண்டு அடித்தல், கூரிய முட்களை உடைய கடிவாளங்களைப் பூட்டுதல் என்பவற்றோடு, தீயும் முள்ளெலியும் கூட அப்பாடத்துக்குத் துணைக்கருவிகளாயின. குதிரை பிடிவாதத்தினாலேயே பணிய மறுக்கிறது என்பது அவர்களது துணிபு. அஞ்சியிருக்கலாம், சொன்னது விளங்காதிருக்கலாம் என்னும் நினைப்பு அவர்களுக்கு அரிதாகவே எழுந்தது.

அந்த நேப்பிள்ஸ் நகரிலேயே பிஞ்ஞாத்தெல்லி என்னும் ஆசானிடம் பயின்றவர்தாம் அந்துவான் டி புளுவினெல் என்னும் பிரெஞ்சுக்காரர். 1555 ஆம் ஆண்டளவிலே பிறந்த இவர், தாய்நாடு திரும்பி அரசர்களின் சேவையில் அமர்ந்து, 1594 ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் ஒரு கழகத்தை நிறுவினார். அக்காலத்திலே பிரெஞ்சுப் பிரபுக்கள் குதிரையேற்றம் பயில்வதற்காகத் தம் மைந்தரைப் பெரும் பொருட்செலவில் இத்தாலிக்கு அனுப்பிவந்தனர். இனி அது வேண்டியதில்லை என்று புளுவினெல் கருதினார். குதிரையேற்றத்தோடு வாட்பயிற்சி, கணிதம், ஓவியம், நடனம், இலக்கியம், நன்னடக்கை ஆகியனவும் அவருடைய கழகத்திலே கற்பிக்கப்பட்டன. பிற்காலத்தில் பிரான்சின் முதலமைச்சராகி அந்நாட்டையே ஆட்டிவைத்த கர்தினால் ரிஷலியூ, மதகுருவாவதற்கு முன்னர் அங்கே பயின்றவர்களுள் ஒருவர். பிரபு குலத்து இளைஞர்க்கே அக்கழகத்தின் கதவுகள் திறந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெண்மக்களுக்கோ எளியவர் பிள்ளைகளுக்கோ அங்கே இடமில்லை.

புளுவினெல் கையாண்ட முறை நேப்பிள்ஸ் முறையினின்றும் வேறுபட்டது. குதிரையை முதலிலே ஒற்றைத் தூணைச் சுற்றி நடத்தியும், பின்னர் இரு தூண்களுக்கிடையே நிறுத்தியும், சுமையின்றி அதற்குச் சமநிலையைப் பழக்கினார். ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி மனம் உண்டு, அதன் மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும், உடலை வருத்துவதால் பயனில்லை என்பது அவர் கொள்கை. தண்டனையில் கஞ்சனாகவும் தட்டிக்கொடுப்பதில் வள்ளலாகவும் இருக்குமாறு மாணாக்கருக்குப் போதித்தார். குதிமுள்ளையும் வன்மையான கடிவாளத்தையும் அவர் முற்றாகத் துறந்துவிடவில்லை. ஆனால் அவற்றை முதற்கருவியாகக் கொள்வதும் கடைசிக் கருவியாகக் கொள்வதும் ஒன்றாகுமா?

இந்த ஆசானிடம் பயின்ற மாணாக்கருள் ஒருவன் பிரான்சின் மன்னனே. பதின்மூன்றாம் லூயி 1601 ஆம் ஆண்டிலே பிறந்தவன். தந்தையாகிய நான்காம் ஹென்றி 1610 இல் கொலையுண்டபோது, எட்டு வயதிலே அரியணை ஏறினான். அவனுடைய பிள்ளைப்பருவத்தை நாம் நன்கறிவோம். ஏனெனில், அரண்மனை மருத்துவரான எரோவார் என்பவர், அவன் பிறந்த நாள் முதலாக அவன் உண்டது, உறங்கியது, விளையாடியது, அழுதது யாவற்றையும் நாட்குறிப்பாக எழுதிவைத்தார். அந்த நாட்குறிப்பிலே பிரம்படிகளும் இடம்பெறுகின்றன. பிடிவாதம் செய்யும்போதெல்லாம் பிள்ளையை அடிக்கத் தவறவேண்டாம் என்று தந்தையே செவிலிக்குக் கட்டளையிட்டிருந்தான். முடிசூடும் உரிமை வந்த பின்னரும் அடி நிற்கவில்லை. தேசமே வணங்கும் மன்னன். ஆயினும் அடிக்குத் தப்பாத சிறுவன்! அவனுக்குத் திக்குவாயும் இருந்தது.

அடிபட்டு வளர்ந்த அந்த இளைஞன், குதிரையை அடித்துப் பழக்கலாகாது என்று சொல்லும் முதியவர் ஒருவரிடம் பாடம் கேட்கிறான். புளுவினெல் இயற்றிய நூலும் இந்த வடிவிலேயே அமைந்திருக்கிறது. மன்னன் வினவ, ஆசான் விடையிறுக்கிறார். அரசரது குதிரைலாயங்களின் தலைவரும் இடையிடையே பேசுகிறார். புளுவினெல் 1620 இல் காலமானார். அவர் மறைந்தபின் 1623 இல், கிறிஸ்பின் டி பாஸ் என்னும் ஒல்லாந்து ஓவியர் செதுக்கிய அழகிய படங்களோடு அந்நூல் வெளிவந்தது. படங்களிலே தூண்களும் குதிரைகளும் பிரபுக்களும் சூழ, இளம் மன்னன் கவனமாக நிற்பதைக் காணலாம். உலகிலே எல்லோரும் தலைவணங்கிய அவனுக்கு முகமன் கூறாத உயிர் அந்தக் குதிரை ஒன்றுதான்.

அந்தப் பாடத்தினால் லூயியின் ஆட்சி கனிவுற்றது என்று சொல்வதற்கில்லை. நூலிலே குதிரைலாயத் தலைவர் ஒருவர் பேசுகிறார் என்றேன் அல்லவா? அதே பதவியைப் பிற்காலத்தில் வகித்த சேன் மார் என்னும் இளைஞன், சதிக்குற்றத்துக்காக 1642 இல், தன் இருபத்திரண்டாம் வயதிலே தலை வெட்டுண்டு மாண்டான். குதிரையிடம் பொறுமை கற்றவன் மனிதரிடமும் பொறுமை காட்டுவான் என்பதற்கு உறுதியேதும் இல்லை.

பின்வந்த நூற்றாண்டுகளிலே இக்கலை அரசவையினின்றும் படைவீடுகளுக்குச் சென்றது. முதல் உலகப்போரின் இயந்திரத் துப்பாக்கியும் தாங்கியும் குதிரைப்படையின் காலத்தை முடித்துவைத்தன. வீதிகளிலே மோட்டார் வண்டி குதிரையின் இடத்தைப் பிடித்தது. தொழிலிழந்த குதிரைக்குப் பிள்ளைகளே அடைக்கலம் கொடுத்தனர் என்றால் மிகையாகாது. 1929 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில், இளையோர்க்குக் குதிரையேற்றமும் குதிரை பராமரிப்பும் கற்பிப்பதற்காகப் போனி கிளப் என்னும் சங்கம் உருவாயிற்று. போனி என்பது தோளுயரம் ஏறக்குறைய 148 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மட்டக்குதிரை. நெடுந்தீவுக் குதிரைகளைக் கண்டவர்களுக்கு அதன் தோற்றம் எளிதில் விளங்கும். சங்கம் பல நாடுகளுக்கும் பரவிற்று. ஒரு காலத்தில் பெண்மக்கள் எட்டியும் பார்க்க முடியாதிருந்த அப்பயிற்சியிலே இன்று ஆங்கில நாட்டில் சிறுமியரே பெருந்தொகையினர்.

அத்தகைய பள்ளியொன்றிலே முதல் நாட்பாடம் எவ்வாறு நடைபெறும்? ஏறுவதற்கு முன்னரே பாடம் தொடங்கிவிடும். குதிரையின் கண்கள் தலையின் இருமருங்கிலும் அமைந்தவை. நேர் பின்புறம் அதற்குத் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து அணுகாது, தோள்ப்பக்கமாக, குரல் கொடுத்தபடி செல்ல வேண்டும். உடலைத் தேய்த்துத் துப்புரவு செய்து, குளம்பை ஒவ்வொன்றாகத் தூக்கி, அதனுள் சிக்கிய கல்லையும் சேற்றையும் அகற்ற வேண்டும். சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கியபின், சற்று நேரம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். சில குதிரைகள் வார் இறுக்கும் வேளையில் வயிற்றை உப்பிக்கொள்ளும் தந்திரம் அறிந்தவை. இடப்பக்கமாகவே ஏறுவது வழக்கம். இடையின் இடப்புறத்தே வாள் தொங்கவிட்ட வீரர்கள் விட்டுச்சென்ற பழக்கம் அது என்பர். வாள் போய்விட்டது, வழக்கம் நிலைத்துவிட்டது.

ஏறிய பின், ஆசிரியர் நடுவே நின்று நீண்ட கயிற்றிலே குதிரையை வட்டமாகச் சுற்றிவரச் செய்கிறார். பிள்ளைக்கு முதலிலே கடிவாளம் கொடுப்பதில்லை. அதைப் பற்றித் தொங்கினால் குதிரையின் வாய் புண்படும். அங்கவடியில் குதிகால் தாழ்ந்திருக்க, பார்வை முன்னே செல்ல, அசையும் முதுகிலே அசைவோடு அசைவாக அமரப் பழகவேண்டும். அஞ்சி உடலை விறைத்தால் குதிரையும் விறைக்கும். கூச்சலிட்டால் காதைப் பின்னே மடக்கித் தன் வெறுப்பைத் தெரிவிக்கும். விழுந்தால், காயமில்லையென்று கண்டபின், மறுபடியும் ஏறச் சொல்வார்கள்.

காலின் உதைப்பும் கோலின் அடியுமின்றிக் குதிரையை நடத்த இயலுமா என்னும் ஐயத்துக்கு, டென்மார்க்கு நாட்டுப் பெண்ணொருத்தியின் வரலாறே விடையாயிற்று. லிஸ் ஹார்ட்டெல் என்னும் அவ்வம்மையார், 1944 இல், வயிற்றிலே குழந்தையைச் சுமந்திருந்த காலத்தில், இளம்பிள்ளை வாதத்துக்கு ஆளானார். குழந்தை நலமாகப் பிறந்தது. தாயின் முழங்காலுக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. பிறர் தூக்கிவிட மீண்டும் குதிரை ஏறினார். காலால் உணர்த்த வேண்டியதை, முதுகின் சிற்றசைவாலும் உடற்பாரத்தை மாற்றுவதாலும் உணர்த்தப் பயின்றார். 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் விழாவிலே, குதிரை நடைப்போட்டியில் ஆடவரோடு பெண்டிரும் முதன்முறையாக அனுமதிக்கப்பட்டபோது, ஜூபிலி என்னும் தம் குதிரையோடு வெள்ளிப் பதக்கம் வென்றார். பரிசுமேடையில் ஏற அவரால் இயலவில்லை. தங்கப் பதக்கம் பெற்ற சுவீடன் நாட்டு வீரர் அவருக்குத் துணைசெய்தார். 1956 இலும் அவர் வெள்ளி வென்றார்.

இதன்பின், நடக்கவியலாத பிள்ளைகளுக்காகவும் குதிரையேற்றப் பள்ளிகள் பல நாடுகளிலே தோன்றலாயின. பிரித்தானியாவிலே 1969 இல் அவர்களுக்கெனத் தனிச் சங்கமே அமைந்தது. குதிரை நடக்கும்போது ஏறியிருப்பவரின் இடுப்பு அசையும் விதம், மனிதர் நடக்கையில் அசையும் விதத்தை ஒத்திருக்கிறது என்பர் மருத்துவர். ஒருவர் கடிவாளத்தைப் பிடித்து முன்னே செல்ல, இருபுறமும் இருவர் துணைவர, பிள்ளை முற்றத்தைச் சுற்றி வருகிறது. பாடம் முடிந்து கீழே இறக்கப்படும்போது, தள்ளுவண்டியிலே அமருமுன், அது கையை நீட்டுகிறது. குதிரை தலையைத் தாழ்த்திக் கொடுக்கிறது.