குரோம்பேட்டையின் பெயரும் விமானத்தின் தோலும்

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அவர் மகன் விமான மெக்கானிக் வேலை கற்றுக்கொள்கிறான். "தகட்டுக்கு பிரைமர் அடிக்கும்போது மாஸ்க் போட்டே ஆகணும்னு சொல்றாங்களாம் சார். பெயிண்ட்தானே, அதுக்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்டார். அவர் தினமும் ரயில் ஏறும் ஸ்டேஷனின் பெயரிலேயே பதில் இருக்கிறது. குரோம்பேட்டை.

குரோம் லெதர் கம்பெனியால் வந்த பெயர் அது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மதராஸில் குரோம் முறையில் தோல் பதனிடுவதற்கு வழி திறந்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர். அதற்கு முன்பே, 1898-ல், கலைப்பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தவரும் அவரேதான். இந்த இரண்டு தொழிலும் ஒரே ஆள் கையால் நம் ஊருக்கு வந்தவை. அலுமினியமும் குரோமியமும் பிற்பாடு விமானத்தின் மேல் சந்தித்தன.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. காற்று பட்டதும் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி உள்ளே இருப்பதைக் காக்கும். ஆனால் சுத்த அலுமினியம் மெத்தென்று இருக்கும், இறக்கை செய்ய ஆகாது. 1906-ல் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் கொஞ்சம் மக்னீசியமும் சேர்த்த அலுமினியம், சுடவைத்துக் குளிர்வித்த பின் சில நாளில் தானாகவே கெட்டிப்படுவதைக் கண்டார். அதுதான் டியூராலுமின். செம்பு சுமார் 4 சதவீதம்தான். பலம் வந்தது, கூடவே நோயும் வந்தது. செம்பும் அலுமினியமும் ஒட்டி இருக்க, மேலே உப்பு ஈரம் படிந்தால் அங்கே ஒரு குட்டி பேட்டரி உருவாகிவிடும். கரைவது அலுமினியம்.

தாம்பரம் தளத்தில் நிற்கும் விமானத்துக்கு வங்கக் கடல் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. உப்புக்காற்று என்ன செய்யும் என்பதற்கு ஹவாய் சாட்சி. 1988 ஏப்ரல் 28 அன்று, தீவுக்குத் தீவு சுமார் 90,000 முறை பறந்திருந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737, 24,000 அடி உயரத்தில் போகும்போது அதன் கூரையில் பெரிய பகுதி பிய்த்துக்கொண்டு போனது. தகடுகள் ஒட்டும் இடத்தில் பசை விட்டுப்போய், அரிப்பும் உலோகக் களைப்பும் சேர்ந்து வேலை செய்திருந்தன. ஒரு பணிப்பெண் இறந்தார். மற்ற 94 பேரோடு விமானிகள் அதைத் தரையிறக்கியது இன்றும் எனக்கு நம்ப முடியாத விஷயம்.

இந்த நோய்க்கு மருந்து முன்பே கிடைத்திருந்தது. 1923-ல் பிரிட்டனில் பெங்கோ, ஸ்டூவர்ட் இருவரும் கடல் விமானத் தகட்டைக் குரோமிக் அமிலத்தில் முக்கி, மின்சாரம் செலுத்தி, ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்கினார்கள். பிறகு துத்தநாக குரோமேட் பிரைமர் வந்தது. அதன் நிறம் மஞ்சள். கறுப்பு கலந்து பச்சையாக்கினார்கள். பழைய விமானங்களின் உள்பக்கம் பச்சையாக இருப்பது இதனால்தான். இதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. தகட்டில் கீறல் விழுந்தால் பக்கத்துப் பெயிண்டிலிருந்து குரோமேட் ஈரத்தில் கொஞ்சம் கரைந்து வந்து, கீறலில் புதுப் படலம் போட்டுவிடும். புண் தானே ஆறுவதுபோல.

லேபில் ஆரஞ்சு நிற டைகுரோமேட் பாட்டில் ஞாபகம் இருக்கிறதா? பிப்பெட்டை வாயால் உறிஞ்சியவர்களை நான் திட்டியதும் ஞாபகம் இருக்கும். தோல் தொழிலும் அதிலிருந்துதான் தொடங்கும். அமிலமும் வெல்லப்பாகும் சேர்த்தால் ஆரஞ்சு பச்சையாகும். பச்சைக் குரோமியத்தின் இணைதிறன் மூன்று, அதற்கு நச்சு குறைவு. ஆரஞ்சிலும் பிரைமரிலும் இருப்பது ஆறு. மூச்சில் போனால் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து, நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது நாம் கண்ட கதை. ஐரோப்பாவில் 2017 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலம் பயன்படுத்த முடியாது. மாற்றுப் பிரைமர்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கீறல் ஆற்றும் வித்தையில் குரோமேட்டோடு போட்டி போடுவது சுலபமாக இல்லை.

ஆகவே தம்பி, பையனிடம் சொல்லுங்கள். அடிக்கும்போது மட்டும் மாஸ்க் போட்டால் போதாது. பழைய பெயிண்டைச் சுரண்டித் தேய்க்கும்போது பறக்கும் தூளிலும் அதே குரோமேட்தான் இருக்கிறது. வேலை உடுப்போடு வீட்டுக்கு வரவேண்டாம், சாப்பிடும் முன் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள்.