கேப்பிட்டாஸ்பிரிங்

சிங்கப்பூரின் வணிக மையமான ராஃபிள்ஸ் பிளேசில், 88 மார்க்கெட் ஸ்திரீட் என்ற முகவரியில் உள்ள 51 மாடிக் கட்டடம். உயரம் 280 மீட்டர். 2021இல் கட்டி முடிக்கப்பட்டது. உணவங்காடி, தங்குமனை, அலுவலகம் ஆகியவற்றோடு நடுமாடிகளிலும் உச்சியிலும் தோட்டங்கள் உள்ளன. அலுவலர் அல்லாதோரும் அவற்றுக்குள் போய்வரலாம் என்பதே இக்கோபுரத்தின் தனிச்சிறப்பு.

இடத்தின் வரலாறு

மார்க்கெட் ஸ்திரீட்டைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே சொல்லி வந்தார்கள். நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வட்டிக்கடைகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இத்தெருவின் கிட்டங்கிகளில் நடந்தன. நீண்ட கூடத்தில் கடைக்கொரு மரப்பெட்டி, குட்டையான சாய்வுமேசை, கணக்கேடு. பகலில் கொடுக்கல் வாங்கல். இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. 1970களின் நகர மறுசீரமைப்பில் இத்தெருக் கிட்டங்கிகள் மறைந்தன.

1984இல் இங்கே கோல்டன் ஷூ வாகன நிறுத்துமிடம் எழுந்தது. நிலப்படத்தில் இந்த வட்டாரம் காலணி வடிவில் தெரிவதால் வந்த பெயர் அது. அதன் இரண்டாம், மூன்றாம் மாடிகளில் இயங்கிய உணவங்காடி நிலையத்தில்தான் சுற்றுவட்டார ஊழியர்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். 2017இல் நிறுத்துமிடம் மூடப்பட்டது. கடைக்காரர்கள் கிராஸ் ஸ்திரீட்டில் தற்காலிகமாகக் கடை போட்டார்கள்; 2022இல் புதிய கோபுரத்துக்குள், அதே இரண்டாம், மூன்றாம் மாடிகளுக்கே திரும்பினார்கள்.

வடிவமைப்பு

டென்மார்க்கில் தோன்றிய பியார்க்கே இங்கெல்ஸ் குழுமமும் இத்தாலியின் கார்லோ ரத்தி நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தன. கேப்பிட்டாலேண்ட் குழுமமும் ஜப்பானின் மிட்சுபிஷி எஸ்டேட்டும் முதலீடு செய்தன. நகர மையத்தில் விமானப் பாதையை முன்னிட்டு உயர வரம்பு உண்டு. அருகிலுள்ள பழைய கோபுரங்கள் பலவும் 280 மீட்டரை ஒட்டியே நின்றுவிட்டதற்கு அதுவே காரணம். உயரத்தில் முந்த வழியில்லாத இடத்தில், வேறொன்றில் முந்த வேண்டியிருந்தது.

கட்டடத்தின் வெளிப்புறம் முழுக்க மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய உலோகப் பட்டைகள். அடியிலும் நடுவிலும் உச்சியிலும் இவை திரையை விலக்கியதுபோல் வளைந்து விலக, உள்ளிருக்கும் பச்சை வெளியே தெரிகிறது.

தோட்டங்கள்

17 முதல் 20 வரையிலான மாடிகளில், தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருப்பது கிரீன் ஓயாசிஸ். நான்கு மாடிகளையும் சுழல்பாதை ஒன்று இணைக்கிறது. சுவரோ கண்ணாடியோ அடைக்காததால் காற்று தாராளமாக வீசுகிறது; குளிரூட்டி தேவையில்லை. மழைக்காட்டின் அடுக்குமுறையே இங்கு நடவுக்கு அடிப்படை: நேரடி வெயில் அதிகம் கேட்காத அகன்ற இலைச் செடிகள் கீழே, மற்றவை மேலே. கட்டடம் முழுவதும் 80,000க்கும் மேற்பட்ட செடிகள் உள்ளன. பசுமைப் பரப்பு மொத்த மனைப் பரப்பைவிட அதிகம்.

உச்சியில் உணவுத் தோட்டம். அங்கே விளையும் கீரையும் மூலிகையும் பழமும் அதே மாடியிலுள்ள உணவகத்தின் அடுப்படிக்குப் போகின்றன.

இதெல்லாம் கட்டட முதலாளிகளின் தாராளத்தால் மட்டும் நடந்ததல்ல. 1967இல் பிரதமர் லீ குவான் இயூ அறிவித்த தோட்ட நகரத் திட்டம் முதலில் சாலையோர மரங்களைக் கொண்டுவந்தது. 2009இல் நகர மறுசீரமைப்பு ஆணையம் உயர்மாடிப் பசுமைக்கென ஊக்கத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டடம் எழும்போது இழக்கும் பசுமையை மாடிகளிலேயே ஈடுகட்டும் விதியும், வான்தோட்டப் பரப்புக்குக் கட்டடப் பரப்புக் கணக்கில் தரப்படும் விலக்கும், தோட்டத்தைச் செலவு என்ற நிலையிலிருந்து ஆதாயமாக மாற்றின.

சுற்றுப்புறக் கலை

சற்றுத் தூரத்திலேயே யூஓபி பிளாசா. கீழ்த்தள முற்றத்தில் சால்வதோர் தாலியின் ‘நியூட்டனுக்கு அஞ்சலி’ (1985) நிற்கிறது: நெஞ்சும் தலையும் திறந்த வெண்கல உருவம், நெஞ்சின் வெற்றிடத்தில் தொங்கும் இதயம். ஆற்றங்கரைப் பக்கம் பெர்னாண்டோ போட்டேரோவின் கொழுத்த ‘பறவை’ (1990). ஓசிபிசி சென்டர் அருகே ஹென்றி மூரின் சாய்ந்திருக்கும் பெரிய உருவம். மூன்றையும் பார்க்கச் சீட்டு வேண்டாம், நடந்தே பார்த்துவிடலாம்.

பார்வையாளருக்கு

கேப்பிட்டாஸ்பிரிங் தோட்டங்களுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் வேலைநாட்களில், அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே திறந்திருக்கும் என்பதால், நேரத்தைச் சரிபார்த்துவிட்டுச் செல்வது நல்லது. ராஃபிள்ஸ் பிளேஸ் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடை.