அவுரிச் செடியும் ஆட்டு ரத்தமும்

வீட்டில் யாருக்காவது மஞ்சள் காமாலை என்றால் கைக்கு வரும் ரத்தப் பரிசோதனைத் தாளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பிலிருபின் இவ்வளவு, கிரியாட்டினின் இவ்வளவு, ஏ.எஸ்.டி. இவ்வளவு. இதே தாள் செம்மறியாட்டுக்கும் உண்டு. துருக்கியிலோ ஈரானிலோ ஈராக்கிலோ உண்ணிகள் பெருகும் பருவத்தில் ஓர் ஆடு இரை எடுக்காமல் மந்தையை விட்டு ஒதுங்குகிறது, மூத்திரம் சிவக்கிறது, இமையைப் புரட்டினால் உள்ளே வெளுத்து மஞ்சள் தட்டியிருக்கிறது. கால்நடை மருத்துவரின் சந்தேகம் முதலில் பபேசியா ஓவிஸ் மேல்தான் போகும். உண்ணி கடிக்கும்போது உள்ளே நுழைந்து, சிவப்பணுவுக்குள் குடியேறி, பெருகி, அதை உடைத்துக்கொண்டு வெளியேறும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி அது. ரத்தம் ஆய்வகத்துக்குப் போகிறது, தாள் வருகிறது. அந்தத் தாளின் வரிகளுக்குப் பூர்வீகம் தேடினால் நாம் போய் நிற்கும் இடம் சாயப்பட்டறை!

1771இல் பீட்டர் வுல்ஃப் என்ற வேதியியலாளர் இண்டிகோவை, அதாவது அவுரியிலிருந்து எடுக்கும் நீலத்தை, நைட்ரிக் அமிலத்தில் போட்டார். நீலம் போய் பளீரென்ற மஞ்சள் வந்தது. பட்டுக்கு அருமையாக ஏறும் மஞ்சள். பிக்ரிக் அமிலம் என்று பிற்பாடு பெயர் பெற்ற இந்தப் பொருள், பட்டுக்குச் சாயமாக இருந்தது போதாதென்று, பீரங்கிக் குண்டுக்குள் வெடிமருந்தாகவும் போய் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வேலை. 1886இல் கோனிக்ஸ்பர்க் நகரில் மாக்ஸ் யாஃபே இதைக் காரத்தோடு சேர்த்துச் சிறுநீரில் விட்டபோது, அதிலிருந்த கிரியாட்டினினோடு கூடிச் செம்மஞ்சளாகியது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அதாவது 1904இல், அமெரிக்காவில் ஓட்டோ ஃபோலின் அந்த நிறத்தின் அடர்த்தியை வைத்து அளவு சொல்லும் முறையை உருவாக்கினார். சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் இன்றும் பல ஆய்வகங்கள் யாஃபேயின் மஞ்சளைத்தான் கேட்கின்றன.

இண்டிகோவின் அடுத்த வாரிசு அனிலின். 1826இல் ஓட்டோ உன்வெர்டோர்பென் இண்டிகோவைக் காய்ச்சி வடித்தபோது கிடைத்த எண்ணெய் அது. பிறகு அதே பொருள் நிலக்கரித் தாரிலும் இருப்பது தெரிந்தது. 1856இல் வில்லியம் பெர்கின் என்ற பதினெட்டு வயது லண்டன் மாணவர், ஈஸ்டர் விடுமுறையில் வீட்டில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். குயினைன் வரவில்லை. அனிலினிலிருந்து கறுப்பாக ஒரு கசடு வந்தது. பாத்திரத்தைக் கழுவ ஆல்கஹால் ஊற்றினால் ஊதா! உலகின் முதல் அனிலின் சாயத் தொழில் அந்தக் கசடில் பிறந்தது. பிரான்சில் அவருடைய காப்புரிமை செல்லாமல் போகவே, அங்கே தாராளமாக நகல் எடுத்தார்கள். ஜெர்மானியர்கள் நகல் எடுத்ததோடு நிற்காமல் ஆசானையே மிஞ்சினார்கள். 1863இல் ஹெக்ஸ்ட், 1865இல் பி.ஏ.எஸ்.எஃப். என்று நிறுவனங்கள் முளைத்தன. 1897இல் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை இண்டிகோவைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, சென்னை மாகாணத்து அவுரி வயல்களும் வங்காளத்து நீலத் தோட்டங்களும் விழத் தொடங்கின.

பெர்கின் தேடிய மருந்து மலேரியாவுக்கு என்பதைக் கவனியுங்கள். மலேரியா ஒட்டுண்ணியும் பபேசியாவும் ஒரே குலம். இரண்டுமே சிவப்பணுவுக்குள் வாழ்பவை. ருமேனியாவில் மாடுகள் ரத்தமாக மூத்திரம் போய்ச் செத்துக்கொண்டிருந்தபோது, 1888இல் விக்டர் பபேஷ் அவற்றின் சிவப்பணுக்களுக்குள் சிறு உருவங்களைக் கண்டார். 1892இல் டான்யூப் கரைச் செம்மறிகளிலும் அதே மாதிரி. அவர் அதைப் பாக்டீரியா என்று நினைத்தார். ஆனாலும் ஒட்டுண்ணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1893இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்சஸ் மாட்டுக் காய்ச்சலை ஆராய்ந்து, நோயைக் கொண்டுவருவது உண்ணிதான் என்று நிரூபித்தார்கள். தெற்கத்தி மாடுகளின் உடம்பிலிருந்து உண்ணிகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டு வடக்கத்தி மாடுகளோடு விட்டால், வடக்கத்தி மாடுகளுக்கு ஒன்றும் ஆவதில்லை! மலேரியாவைக் கொண்டுவருவது கொசுதான் என்று நிரூபிக்கப்படுவதற்கு முன்பே வந்த கண்டுபிடிப்பு இது. மாட்டுக்காரர்கள் உண்ணியைத்தான் பல காலமாகச் சந்தேகப்பட்டார்கள், படித்தவர்கள் சிரித்தார்கள்.

ஒட்டுண்ணியைக் கண்ணுக்குக் காட்டியதும் சாயம்தான். 1891இல் பீட்டர்ஸ்பர்க்கில் ரொமனோவ்ஸ்கி மெத்திலீன் நீலம், இயோசின் என்ற இரண்டு சாயங்களைக் கலந்து மலேரியா ஒட்டுண்ணியின் கருவை ஊதாவாக்கினார். மெத்திலீன் நீலம் பழையதானால்தான் அந்த ஊதா நன்றாக வரும். பழையது எப்போது சரியாகப் பழையதாகும் என்று யாருக்குத் தெரியும்? ஹாம்பர்க்கின் குஸ்தாவ் ஜீம்சா 1904இல் அந்தக் கலவையைக் கெடாத சரக்காக்கிக் கொடுத்தார். ரத்தத் துளியைக் கண்ணாடி வில்லையில் தடவி ஜீம்சா விடுவது இன்றைக்கும் எந்தக் கால்நடை ஆய்வகத்திலும் அன்றாட வேலை.

சாயத்தால் பார்க்க முடிந்தால் சாயத்தாலேயே கொல்ல முடியாதா? ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக் இந்தக் கேள்வியை விடவில்லை. அவர் காட்டிய வழியில் வந்தவைதான் டிரிபன் சாயங்கள். 1909இல் கேம்பிரிட்ஜில் நட்டாலும் ஹேட்வெனும் டிரிபன் நீலத்தை நாய்களின் பபேசியாவுக்குப் போட்டுப் பார்த்தார்கள். வேலை செய்தது. மாட்டிலும் பலித்தது. ஒரே குறை, குணமான விலங்கின் கறியெல்லாம் நீலம். எந்தக் கசாப்புக் கடைக்காரர் அதைத் தொங்கவிடுவார்?

எர்லிக்கின் இன்னொரு பிள்ளை நம் தாளின் முதல் வரி. அனிலினிலிருந்து வரும் சல்ஃபனிலிக் அமிலத்தை டயசோ என்ற, பிற பொருள்களோடு கூடி நிறம் தரும் சேர்மமாக்கி 1880களில் அவர் நோயாளிகளின் சிறுநீரில் விட்டுப் பார்த்தார். பிலிருபின் அதோடு கூடி நிறம் மாறுவதையும் கவனித்தார். நெதர்லாந்தின் ஹைமன்ஸ் வான் டென் பெர்க் 1913 முதல் அதை ரத்தச் சீரத்துக்குக் கொண்டுபோனார். சில சீரங்கள் உடனே நிறம் தந்தன, சில ஆல்கஹால் விட்ட பிறகே தந்தன. உடனே வருவது கல்லீரல் கைபட்ட பிலிருபின். ஆல்கஹாலுக்குக் காத்திருப்பது இன்னும் கல்லீரலைத் தாண்டாதது. பபேசியாவில் சிவப்பணுக்கள் கூட்டங்கூட்டமாக உடைவதால் ஹீமோகுளோபின் குவிந்து, அதிலிருந்து பிலிருபின் மிகுந்து, கல்லீரல் சமாளிக்க முடியாமல் இரண்டாவது வகை ஏறுகிறது. வழிந்த ஹீமோகுளோபின் சிறுநீரில் இறங்கி அதைச் சிவப்பாக்குகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுகின்றன. சீரமே சிவந்தோ மஞ்சளாகவோ இருக்கும்போது நிறத்தை வைத்து அளக்கும் சோதனைகள் தடுமாறும் என்பது ஆய்வகக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. நல்ல ஆய்வகம் தாளின் ஓரத்தில் ‘சீரம் சிவந்தது’ என்று எழுதி எச்சரிக்கும்.

தாளின் மூன்றாவது வரி ஏ.எஸ்.டி. 1954-55இல் நியூயார்க்கில் ஆர்தர் கார்மென் உள்ளிட்டோர் இந்த நொதி மாரடைப்பிலும் கல்லீரல் நோயிலும் ரத்தத்தில் ஏறுவதைக் காட்டினார்கள். 1957இல் ரைட்மனும் ஃபிராங்கெலும் அதை நிறத்தால் அளக்கும் எளிய வழியைத் தந்தார்கள். அதே ஆண்டு லியோனார்ட் ஸ்கெக்ஸ் உருவாக்கிய தானியங்கிப் பரிசோதனைக் கருவி விற்பனைக்கு வந்தது. குழாயில் மாதிரிகளுக்கு நடுவே காற்றுக் குமிழிகளை விட்டு, ஒன்றோடொன்று கலக்காமல் வரிசையாக ஓட்டும் தந்திரம். கால்நடை ஆய்வகங்கள் இந்த மனிதப் பட்டியலை அப்படியே ஆட்டுக்கும் நகல் எடுத்தன. இங்குதான் கொஞ்சம் சிரிப்பு வரும். மனிதர்களுக்குக் கல்லீரலின் நிலையைச் சொல்லும் ஏ.எல்.டி. என்ற நொதி, செம்மறியின் கல்லீரலில் மிகக் குறைவு. அதை நம்பினால் கணிப்பு தவறும். ஏ.எஸ்.டி. சிவப்பணுவுக்குள்ளும் இருப்பதால், பபேசியாவில் அது ஏறினால் கல்லீரலா, உடைந்த அணுவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் தாளில் இரண்டு வரிகளும் அச்சாகிக்கொண்டேதான் இருக்கின்றன.

சிகிச்சையும் சாயக் கம்பெனியிலிருந்தே வந்தது. 1955இல் ஹெக்ஸ்ட் கொடுத்த பெரெனில், டயசோ வேதியியலிலேயே பிறந்த மஞ்சள் மருந்து, கறியை நீலமாக்குவதில்லை. பிறகு இமிடோகார்பும் வந்து சேர, டிரிபன் நீலம் கால்நடை மருந்தலமாரியிலிருந்து ஏறக்குறைய ஓய்வு பெற்றது. அதற்கு அடுத்த வேலை வந்தது 1999இல். கண்புரை அறுவையின்போது கண்ணாடிபோன்ற லென்ஸ் உறை தெரியாமல் தவித்த மருத்துவர்களுக்காக, நெதர்லாந்தின் மெல்லெஸ் குழு அந்த உறைக்கு டிரிபன் நீலம் பூசியது. இப்போது மதுரையிலேயே ஆரோலேப் நிறுவனம் அதைத் தயாரித்து அனுப்புகிறது.