கராரியின் ஓசை: ராம்பூர் மடக்குக் கத்தியை எந்த அளவுகோலால் அளப்பது?

1980 அக்டோபரில் தில்லி நிர்வாகம் ஆயுதச் சட்டத்தின்கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வில்விசையால் இயங்கும் கத்திகள், ‘கராரிதார்’ கத்திகள், ‘பட்டன்தார்’ கத்திகள், வேறு ஏதேனும் பொறியமைப்பால் திறக்கவோ மூடவோ கூடிய கத்திகள் ஆகியவற்றைத் தயாரிப்பதையும் விற்பதையும் விற்பனைக்காக வைத்திருப்பதையும் அது கட்டுப்படுத்தியது. அலகின் நீளம் 7.62 சென்டிமீட்டரும் அகலம் 1.72 சென்டிமீட்டரும் அவற்றுக்கு மேலும் உள்ள கத்திகள் இதன் வரம்புக்குள் வந்தன. அரசாணைகளின் மொழி பொதுவாக அலுவலகத்தில் பிறப்பது. இந்த அறிவிக்கையிலோ இரண்டு சொற்கள் பட்டறையிலிருந்து வந்து அமர்ந்திருக்கின்றன. ‘கராரி’ என்பது பற்சக்கரத்தைக் குறிக்கும் இந்திச் சொல். ‘பட்டன்’ என்பது பொத்தான். கொல்லனும் வணிகனும் கத்தியின் வகையைச் சொல்லப் பயன்படுத்திய பெயர்களைச் சட்டம் அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பெயர்கள் குறித்த வேறுபாட்டை அது எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால்தான் ராம்பூரி என்னும் கத்தியின் வரலாறு விளங்கும்.

ராம்பூர், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், ரோகில்கண்டில் உள்ள நகரம். முதலாம் ரோகில்லாப் போருக்குப் பின் 1774இல் நவாப் ஃபைசுல்லா கான் தலைமையில் அது தனி அரசாயிற்று. 1949இல் இந்திய ஒன்றியத்துடன் இணைக்கப்பட்டது. ராம்பூர் என்றதும் ஆய்வாளர்களுக்கு ரசா நூலகத்தின் அரபு, பாரசீகக் கையெழுத்துப் படிகளும், இசை ஆர்வலர்களுக்கு ராம்பூர்–சஹஸ்வான் கரானாவும் நினைவுக்கு வரும். பொதுமக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கத்தி. துப்பாக்கி பரவி வாளின் தேவை குறைந்தபோது, நவாபின் ஆதரவில் இருந்த ஆயுதக் கொல்லர்கள் மடக்குக் கத்தியின் பக்கம் திரும்பினர் என்று உள்ளூர் மரபு கூறுகிறது. அண்டை நகரமான முராதாபாத் பித்தளை வேலைக்குப் பெயர்பெற்றது. ராம்பூரிக் கத்திகளில் பித்தளைப் பிடி மிகுதியாகக் காணப்படுவதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒரு மடக்குக் கத்தியை மதிப்பிட விரும்புவோர் அதன் அலகைத்தான் முதலில் நோக்குவர். ஆனால் அலகும் பிடியும் சந்திக்கும் இடத்தில்தான் கத்தியின் தரம் தீர்மானமாகிறது. நிலைக்கத்தியில் அலகும் பிடிக்குள் செல்லும் வாலும் ஒரே இரும்பு. மடக்குக் கத்தியில் ஓர் ஆணியை அச்சாகக் கொண்டு அலகு சுழல்கிறது. அழுத்தி வெட்டும்போதோ குத்தும்போதோ அலகு திரும்ப மடங்கினால் பிடித்தவன் விரல்கள்தான் வெட்டுப்படும். ஆகவே மடக்குக் கத்தியின் வரலாறு பெரும்பாலும் பூட்டின் வரலாறே. கராரியும் பட்டனும் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த இருவேறு விடைகள்.

கராரி அமைப்பில் அலகின் அடிப்பகுதி பற்களாக வெட்டப்பட்டிருக்கும். பிடியின் முதுகில் ஓடும் நீண்ட வில்பட்டை ஒவ்வொரு பல்லின் மீதும் ஏறி விழும். அலகைக் கையால் விரிக்க விரிக்க ‘கர், கர்’ என்ற ஓசை எழும். பாதி திறந்த நிலையில் விட்டாலும் அலகு பின்னோக்கி மடங்காது. கடைசியாக ஏறிய பல்லில் வில் அதை நிறுத்திவிடும். மூடவேண்டுமானால் வில்லைத் தூக்கி விடுவிக்க வேண்டும். ஸ்பெயின் நாட்டின் ‘நவாஹா’ என்னும் மடக்குக் கத்தியிலும் இதே ஏற்பாடு உண்டு. அதன் ஓசையும் அந்நாட்டில் புகழ்பெற்றது. இவ்வமைப்பில் அலகைத் தள்ளித் திறக்கும் விசை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். திறப்பது கை; வில் தாங்குவது மட்டுமே செய்கிறது.

தானியங்கிக் கத்தி, அதாவது பட்டன் கத்தி, வேறு தத்துவத்தில் இயங்குவது. பிடிக்குள் வளைத்து வைக்கப்பட்ட ஒரு வில் அலகை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பொத்தானோடு இணைந்த ஒரு முளை, அலகின் அடியில் உள்ள துளையில் புகுந்து அதைத் தடுத்து நிறுத்தும். பொத்தானை அழுத்தினால் முளை விலகும். அலகு ஒரே வீச்சில் விரியும். விரிந்தபின் முளை மீண்டும் ஒரு துளையில் விழுந்து அலகைப் பூட்டும். இங்கே ஓர் ஒற்றைச் சொடுக்கு மட்டுமே கேட்கும். வேகம் இதன் சிறப்பு. அதே வேகம் இதன் ஆபத்தும் ஆகும். முளை தேய்ந்தாலோ பொத்தான் பிடியின் தளத்துக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தாலோ, கத்தி சட்டைப் பைக்குள்ளேயே திறந்துகொள்ளக்கூடும்.

பொருள்களின் தேர்வும் இந்த வேறுபாட்டைப் பின்தொடர்கிறது. அலகுக்கு வேண்டியது கடினம். வில்லுக்கு வேண்டியது நெகிழ்ச்சி. உயர்கரிம எஃகைச் செஞ்சூட்டில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடிபோல் கடினமாகும். அப்படியே விட்டால் நொறுங்கும். எனவே மறுபடியும் இளஞ்சூட்டில் பதப்படுத்துவர். ஏறத்தாழ 200 பாகைச் செல்சியஸில் எஃகின் மேற்பரப்பு வைக்கோல் நிறம் கொள்ளும். அது அலகுக்குரிய பதம். 300 பாகையை நெருங்கும்போது நீலம் படரும். அது வில்லுக்குரிய பதம். வெப்பமானி இல்லாத பட்டறையில் கொல்லனின் கண்ணே அளவுகோல். ஒரே கத்திக்குள் இருவேறு பதங்களை அவன் கொண்டுவர வேண்டும். வில் கூடுதலாகக் கடினமானால் ஒடியும். இளகினால் வளைந்தபடியே நின்றுவிடும். கராரியின் பற்கள் மென்மையாக இருந்தால் சில மாதங்களில் மழுங்கும்.

பிடிக்கும் இதே கணக்கு உண்டு. பித்தளை துருப்பிடிக்காது, வார்ப்பதும் செதுக்குவதும் எளிது. ஆனால் எஃகோடு ஒப்பிட்டால் அது மென்மையானது. எஃகு ஆணி நாள்தோறும் சுழலச் சுழலப் பித்தளையின் துளை நீள்வட்டமாகிவிடும். அலகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். உட்புறம் எஃகுத் தகடு பதித்தால் இக்குறை நீங்கும்; உழைப்பும் விலையும் கூடும். கொம்பும் எலும்பும் கைக்கு இதமானவை. வறண்ட காலத்தில் சுருங்கி ஆணியைத் தளர்த்திவிடும். மரம் ஈரத்தில் உப்பும். பிற்காலத்தில் மலிவு விலையில் வந்த துருவேறா எஃகு அலகுகள் பளபளப்பில் வென்றன. கரிமம் குறைந்த வகைகளில் செய்யப்பட்டவை கூர்மையை நெடுநாள் தாங்கவில்லை.

ஆகவே தேர்ந்த காதுக்குக் கராரியின் ஓசை ஒரு சோதனைக் கருவி. பற்கள் கூராக இருந்து, வில்லின் பதம் சரியாக இருந்து, ஆணி தளராமல் இருந்தால் ஒவ்வொரு ஒலியும் தனித்தனியே, சம இடைவெளியில், தெளிவாகக் கேட்கும். ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பினால் எங்கோ தேய்மானம் தொடங்கிவிட்டது என்று பொருள். பாதுகாப்புக்காக அமைந்த உறுப்பின் துணைவிளைவாகப் பிறந்த ஓசை, தரத்தின் சான்றாகவும் விளங்கியது. பிற்காலத்தில் அந்த ஓசைக்குக் கிடைத்த பொருள் முற்றிலும் வேறு.

அந்த மாற்றத்தை உலகப் பின்னணியில் வைத்துப் பார்ப்பது நலம். 1890களில் நியூயார்க் மாநிலத்தில் ஜார்ஜ் ஷ்ரேட் பொத்தான் கத்திகளைத் தொழிற்சாலை முறையில் உருவாக்கினார். ஒரு கையால் திறக்க உதவும் பயன்பாட்டுக் கருவியாகவே அவை விற்கப்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலியின் மெல்லிய, நீண்ட ‘ஸ்டிலெட்டோ’ வகைக் கத்திகள் அமெரிக்காவில் பரவியபோது, பத்திரிகைகளும் திரைப்படங்களும் அவற்றை இளைஞர் வன்முறையின் அடையாளமாக்கின. 1955இல் வந்த ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ திரைப்படத்தின் கத்திச் சண்டை பலர் அறிந்தது. 1958இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் மாநிலங்களுக்கிடையே அவற்றின் வணிகத்தைத் தடுத்தது. 1959இல் பிரிட்டன் அவற்றின் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. இவ்விரு சட்டங்களும் எந்தக் கத்திக்குத் தடை என்பதை அலகின் நீளத்தைக் கொண்டு வரையறுக்கவில்லை. கத்தி எவ்வாறு திறக்கிறது என்பதையே இலக்கணமாகக் கொண்டன. மூடியே இருக்க முயலும் விசை கொண்டதும் அலகைக் கையால் தள்ளித் திறக்க வேண்டியதுமான கத்தி தடைக்குள் வராது என்று 2009இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டபோதும், பொறியமைப்பின் நுட்பமே எல்லையை வகுத்தது.

இந்தியாவில் எல்லையை வகுத்தது பெரும்பாலும் அளவுகோல். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தையொட்டி 1962இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுகளை ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. வீட்டு, வேளாண், அறிவியல், தொழில் பயன்பாட்டுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு விலக்கு உண்டு. தில்லியின் அறிவிக்கை குறிப்பிடும் 7.62 சென்டிமீட்டர் என்பது சரியாக 3 அங்குலம். 1990களில் உத்தரப் பிரதேச அரசு 4.5 அங்குலத்துக்கு மேற்பட்ட அலகுகளைத் தயாரிப்பதைத் தடுத்தது. ஒன்பது, மூன்று, நாலரை என்ற இந்த எண்களுக்கு இடையே ராம்பூரின் நீண்ட கத்திக்கு இடமில்லாமற் போயிற்று.

சட்டத்தின் அச்சத்தை அற்பமென்று ஒதுக்கிவிட முடியாது. மறைத்து எடுத்துச் செல்லக்கூடியதும் நொடியில் திறக்கக்கூடியதுமான கத்தி தெருச்சண்டையைக் கொலையாக்கிவிடும். அதற்குப் பலியானவர்கள் கற்பனை மனிதர்கள் அல்லர். ஆனால் மறைவும் வேகமும்தான் அச்சத்தின் காரணங்கள் என்றால், கராரிக் கத்தியைப் பட்டன் கத்தியோடு ஒரே வரியில் வைத்தது ஏன்? கராரிக் கத்தி தானாகத் திறப்பதில்லை. திறக்கும்போது தன் வருகையை அருகிலிருப்போர் அனைவருக்கும் அறிவித்துவிடுகிறது. வேகமும் அதில் குறைவு; மறைவும் குறைவு.

விடையின் ஒரு பகுதி திரையரங்கில் இருக்கிறது எனக் கருத இடமுண்டு. 1965இல் யஷ் சோப்ரா இயக்கத்தில் வெளிவந்த ‘வக்த்’ திரைப்படத்தில் ராம்பூரிக் கத்தியை முன்வைத்து ராஜ்குமார் பேசும் வசனம் பல தலைமுறைகளின் நினைவில் தங்கியது. அதன்பின் வந்த இந்திப் படங்களில் அடியாளின் கையில் ராம்பூரி ஒரு நிலையான அணிகலன் ஆயிற்று. பற்கள் வில்லில் ஏறி இறங்கும் ஓசை பார்வையாளருக்கு அச்சுறுத்தலின் ஓசையாகப் பழகியது. கொல்லனுக்குத் தரத்தின் சான்றாக இருந்த ஒலி, ஊருக்குக் குற்றத்தின் முன்னறிவிப்பாக மாறியது.

இந்த மாற்றத்தின் தடத்தை நீதிமன்ற ஆவணங்களிலும் காணலாம். தில்லியின் விசாரணை நீதிமன்றத் தீர்ப்புகளில் கத்திப் பறிமுதல் வழக்குகள் ஏராளம். கைப்பற்றிய கத்தியைத் தாளில் வைத்துக் காவல் அதிகாரி அதன் புறவடிவை வரைகிறார். மொத்த நீளம், அலகின் நீளம், பிடியின் நீளம், அகலம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் குறிக்கிறார். கத்தியைத் துணியில் பொதிந்து முத்திரையிடுகிறார். அந்த வரைபடம் சாட்சியமாகிறது. ஒரு நகரத்தின் கைவினைப் பொருளைப் பற்றி அரசு இவ்வளவு ஒழுங்காகச் சேர்த்துவைத்த ஆவணத் தொகுதி வேறொன்று இருப்பது அரிது. அதிலும் எஃகின் வகை இராது. பற்களின் எண்ணிக்கை இராது. செய்தவன் பெயரும் பெரும்பாலும் இராது. தாளில் எஞ்சுவது நிழலின் விளிம்பு மட்டுமே.

ராம்பூரில் விளைவுகள் கண்கூடு. கத்திக் கடைகளால் பெயர்பெற்ற கடைத்தெருவில் அத்தொழில் சுருங்கியது. பல குடும்பங்கள் வேறு தொழில்களுக்குச் சென்றன. எஞ்சியவர்கள் நாலரை அங்குலத்துக்கு உட்பட்ட கத்திகளைச் செய்கின்றனர். அலகு குறுகும்போது அதனோடு வேறு சிலவும் குறுகுகின்றன. நீண்ட அலகு விரல்கள்மேல் மடங்கிவிடாமல் தாங்கவே பல பற்கள் கொண்ட கராரியும் வலிய வில்லும் தேவைப்பட்டன. குறுங்கத்திக்கு எளிய பூட்டே போதும். தேவை மறையும்போது இருவேறு பதங்களைக் கண்ணால் அறியும் பயிற்சியும் மெல்ல மறையும்.

2023 மார்ச் மாதம் ராம்பூர் நகரின் ஒரு நாற்சந்தியில் 6.10 மீட்டர் நீளமுள்ள கத்தி ஒன்று நிறுவப்பட்டது. பித்தளையும் எஃகும் கொண்டு செய்யப்பட்ட அதற்குச் செலவு 50 லட்சம் ரூபாய்க்கு மேல். நாலரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதிக்கப்பட்ட ஊரில் 20 அடிக் கத்தி நிற்பதை முரணென்று சொல்லி நகைப்பது எளிது. நகரம் தன் மீது சுமத்தப்பட்ட பழியைத் தன் அடையாளமாக மீட்டுக்கொள்ள முயல்கிறது என்றும் அதைப் படிக்கலாம். ஆயினும் அதுவும் கத்தியின் அளவைப் பற்றிய பேச்சாகவே நிற்கிறது. சட்டம் சுருக்கிய நீளத்தைச் சிலை பெருக்கிக் காட்டுகிறது. எவர் கையும் அதைத் திறந்து மூடப் போவதில்லை.

பொருள்சார் வரலாற்றில் ஈடுபடும் மாணவர்கள் இதிலிருந்து பெறக்கூடிய பாடம் ஒன்று உண்டு. ஆவணக்காப்பகத்தில் கிடைக்கும் அளவு, அந்தப் பொருளைக் கண்டு அஞ்சியவர்களின் அளவு. அது தேவையானது; போதுமானது அன்று. ராம்பூரின் பட்டறைகளில் இன்னும் உலை எரியும்போதே பதிவு செய்ய வேண்டியவை உள்ளன: எந்த நிறத்தில் அலகை எடுக்கிறார்கள், எந்த நிறத்தில் வில்லை எடுக்கிறார்கள், ஒரு கராரிக்கு எத்தனை பற்கள், ஆணியை எவ்வளவு இறுக்குகிறார்கள், விற்குமுன் கத்தியைத் திறந்து பார்க்கும்போது எந்த ஓசையைக் கேட்டால் தலையசைக்கிறார்கள். 1980இன் அறிவிக்கை ‘கராரிதார்’ என்ற சொல்லைக் காப்பாற்றித் தந்திருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் இருந்த அறிவைக் கேட்டு எழுதிவைப்பதற்கு இன்னும் சிறிது காலமே எஞ்சியிருக்கிறது.